உன் மாமனாருக்கும் எனக்கும் நடுவில் ஈராக்

அன்பு மகனுக்கு,

கல்யாணத்துக்கு இன்னும் பதினாறு நாள்தான் இருக்கிறது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நீ சிரிப்பாய். சிரி. வாயால் சொல்லத் தொடங்கினால் உன் அம்மா இடையில் புகுந்து திருத்துவாள், நான் கோபித்துக்கொண்டு எழும்பிப் போவேன், கதை பாதியில் நிற்கும். எழுதும்போது என்னை யாரும் மறிக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு உன்னை அழ அழ இழுத்துக்கொண்டு போனது இப்படி ஒரு நாளுக்காகத்தான் என்று வைத்துக்கொள். வாசிக்கச் சிரமமாக இருந்தால் றொசாலியாவிடம் கொடு. உனக்குப் பெண்டாட்டியாகப் போகிறவள் உன்னைவிட நன்றாகத் தமிழ் வாசிப்பாள், தவிர அவளும் அறியவேண்டிய விஷயம்தான் இது.

போன ஞாயிறு றொசாலியா வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் நீ என்னைக் கேட்டாய், மாமா ஏன் உங்களோடு ஒரு வார்த்தையும் பேசுவதில்லை, நாங்கள் சைவம், அவர்கள் கத்தோலிக்க வேதம் என்பதாலா என்று. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு "இருக்கும்" என்றேன். அது பொய். சூசை மாமாவுக்கு மதம் ஒரு தடையே இல்லை. பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா றொசாலியாவின் மலைக்கு நாங்கள் எல்லோரும் ஒன்றாகத்தான் செருப்பில்லாமல் ஏறினோம், அவர் செபமாலையோடு, நான் திருநீற்றோடு. அந்த அம்மாவின் பெயரைத்தானே பிறகு மகளுக்கும் வைத்தார். எங்களுக்கு நடுவில் நிற்பது ஈராக். ஆம், அந்த ஈராக்தான். நானும் அவரும் அந்த நாட்டைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் அதற்காக இருபது வருடத்துக்கு மேலாக நாங்கள் பேசுவதில்லை.

இதை இப்போது சொல்லவேண்டி வந்ததற்குக் காரணம், மாமா உன் அம்மாவிடம் சொல்லி அனுப்பிய செய்தி. பிள்ளையின் விருப்பத்துக்கு அவர் குறுக்கே நிற்கவில்லை. வேதக் கோவிலுக்கு வருவார், மகளைக் கைபிடித்துக் கூட்டிவந்து உன்னிடம் தருவார், அத்தோடு வீட்டுக்குப் போய்விடுவார். மொண்டெல்லோவில் நாங்கள் எடுத்திருக்கும் மண்டபத்துக்கு வரமாட்டார் என்றுதான் அந்தச் செய்தி. ஏனென்றால் அங்கே நான் மைக் பிடித்துப் பேசுவேன் என்று அவருக்குத் தெரியும். "அவன் மைக்கிலை கதைக்கிற இடத்திலை நான் இருக்கமாட்டன்" என்றாராம். அம்மா சொல்லிவிட்டுச் சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டாள். தகப்பன் இல்லாத கல்யாணச் சாப்பாட்டில் றொசாலியா எப்படி இருந்து சாப்பிடுவாள்? அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் வயிற்றைப் பார்த்து நம்பமாட்டாய், ஆனால் உண்மை.

நீ அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாய். கபோவில், சந்தைக்கு மேலே, இரண்டு அறை வீட்டில் இருந்தோம். காலையில் மீன்காரனின் கூப்பாட்டில்தான் நீ எழும்புவாய், எழும்பி நீயும் அவனைப் போலவே கத்துவாய். நான் ஒரு இத்தாலியச் சிஞ்ஞோராவின் வீட்டில் வேலை. அவ ஓய்வுபெற்ற ஆசிரியை. அவவின் கணவருக்கு முழங்கால் ஏலாது, நாள் முழுவதும் ரீவிக்கு முன்னால் இருப்பார். நான் அந்த ரீவிக்குப் பக்கத்தில் நின்று அயன் பெட்டியால் உடுப்பு மினுக்குவேன். அப்படி மினுக்கி மினுக்கித்தான் இத்தாலிய மொழியும் உலக அரசியலும் படித்தேன். வீட்டு வேலைக்காரருக்கு இஞ்சை வியாழக்கிழமை பின்னேரம் லீவு என்பது உனக்குத் தெரியும். வியாழன் பின்னேரம் எங்கள் வீட்டில் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள், அம்மா தேத்தண்ணி ஊற்றுவாள், நான் அந்தக் கிழமைச் செய்தி சொல்லுவேன். எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மகனே, பகலெல்லாம் பிறத்தியாரின் சட்டைக் கொலரை மினுக்குகிறவனுக்கு அது என்ன சுகம் என்று உனக்கு விளங்காது.

அந்த ஏழெட்டுப் பேரில் எனக்கு உயிர் சூசை மாமாதான். அவர் அப்போது சியாகுல்லியில் ஒரு வயோதிபரையும் அவருடைய தோடைத் தோட்டத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். மாசி மாதத்தில் மற்ற இடமெல்லாம் முடிந்த பிறகு அங்கே மட்டும் பழுக்கும் மந்தரீனோ ஆரஞ்சுப் பழத்தை ஒரு பை நிறையக் கொண்டுவருவார். மெற்றில்டா மாமி அப்போது குவைத்தில் ஒரு வீட்டில் வேலை. மாமியை இத்தாலிக்கு எடுப்பதற்குக் குடும்பப் பெர்மெசோவுக்கு, அதுதான் வதிவிட அனுமதிக்கு, மாமா எழுதிப்போட்டிருந்தார், கடதாசி நகர்ந்துகொண்டிருந்தது. குவைத்துக்குப் பக்கத்து வீடுதான் ஈராக்.

அந்தச் சண்டையின் கதை உனக்குப் பள்ளிக்கூடத்தில் இரண்டு பக்கத்தில் முடிந்திருக்கும். எனக்கு விளங்கிய மாதிரிச் சொல்கிறேன். முதலில் ஒரு காலத்தில் ஈராக் குவைத்துக்குள் புகுந்தது. அமெரிக்கா படையோடு போய் அடித்துக் கலைத்தது, ஆனால் ஈராக்கின் தலைவரைக் கதிரையில் விட்டுவிட்டு வந்தது. பிறகு பல வருடம் தடை, தட்டுப்பாடு, இருக்கிறதா இல்லையா என்று ஆயுதம் தேடும் பரிசோதகர்கள். பிறகு நியூயோர்க்கில் கோபுரங்கள் விழுந்தன. விழுத்தியவர்கள் வேறு ஆட்கள், ஆனால் கோபம் வந்த வீட்டுக்கு ஒரு வாசல் தேவைப்பட்டது. தகப்பன் ஆண்டபோது பாதியில் விட்ட சண்டையை இப்போது மகன் முடிக்கப்போகிறான் என்று சந்தையில் மீன்காரன்கூடச் சொன்னான். எண்ணெய்க்கு என்றா சிஞ்ஞோரா. உலகத்தைக் காப்பாற்ற என்றார் அவவின் கணவர். அந்த வீட்டுக்குள்ளேயே சண்டை. சிஞ்ஞோரா சமாதானக் கொடி ஒன்று வாங்கிவந்தா, வானவில் நிறத்தில். அந்த நாட்களில் பலெர்மோவில் பல்கனிக்குப் பல்கனி அது தொங்கியது. காலையில் அவ சொல்லி நான் கட்டுவேன், பின்னேரம் கணவர் சொல்லி நான் அவிழ்ப்பேன். இருவருமே எனக்கு நன்றி சொல்வார்கள்.

ஒரு புதன்கிழமை, அமெரிக்காவின் பெரிய மந்திரி ஒருவர் உலக நாடுகளின் சபையில் ஒரு சின்னக் குப்பியைத் தூக்கிக் காட்டினார். இவ்வளவு மருந்து போதும், எவ்வளவு பேர் சாவார்கள் தெரியுமா என்பது போல. அடுத்த நாள் வியாழன். நான் அம்மாவின் மிளகாய்த்தூள் போத்தலைக் கையில் தூக்கிக்கொண்டு எழும்பி நின்றேன். வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்தது மாதிரித்தான். குப்பி, விஷவாயு, லொறிக்குள் ஒளித்துவைத்த தொழிற்சாலை, எல்லாம் சொன்னேன். தேத்தண்ணி ஆறிப்போனது, ஒருவரும் குடிக்கவில்லை. அப்போது மாமா எழும்பி என் பக்கத்தில் வந்தார்.

"மச்சான், நீ அதைக் கண்டனியோ? உண்மையாக் கண்டனியோ? மெற்றில்டா அங்கை பக்கத்திலை நிக்கிறாள்."

"ஓம், கண்டனான். படம் படமாக் காட்டினவங்கள்."

இப்போது உண்மையைச் சொல்கிறேன், உன் அம்மாவுக்கும் இதுவரை தெரியாத உண்மை. அந்த மந்திரி குப்பியைத் தூக்கிய நேரம் நான் ரீவிக்கு முன்னாலேயே இல்லை. பல்கனியில் கொடி அவிழ்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே வந்தபோது சிஞ்ஞோராவின் கணவர் கையை ஆட்டி ஆட்டி எனக்கு விளங்கப்படுத்தினார், அவ்வளவுதான். ஆயுதத்தை யாரும் காணவில்லை என்பது பிறகு உலகத்துக்கே தெரிந்தது. நானோ அந்தக் குப்பியைக்கூடக் காணவில்லை.

ஏன் கண்டேன் என்று சொன்னேன்? மற்ற ஏழு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னொன்றும் உண்டு, அது எங்கள் ஆட்களின் வியாதி. சண்டைக்குள் இருந்து தப்பி வந்தவர்கள் நாங்கள், ஆகவே உலகத்தின் எல்லாச் சண்டையும் எங்களுக்குத் தெரியும் என்று ஒரு நினைப்பு. பங்கருக்குள் இருந்தவனிடம் குண்டைப் பற்றி யார் கதைக்க முடியும்? இத்தாலியருக்கு என்ன தெரியும், கொடி கட்டத்தான் தெரியும் என்று நக்கலடித்தேன். ஊரில் அப்போது எங்கள் சண்டை ஓய்ந்து சமாதானக் காலம். நாங்கள் சும்மா இருந்திருக்கலாம்.

அதோடு நின்றேனா? போன கிழமை குப்பி சொன்னவன் இந்தக் கிழமை தேக்கரண்டி சொல்ல முடியாது, பீப்பாய்தான் சொல்லவேண்டும். கிழமைக்குக் கிழமை கூட்டம் கூடியது, அம்மா கோப்பைகளை இரவல் வாங்கினாள். அங்கே அமெரிக்கர்களும் அதைத்தான் செய்தார்கள். இன்று ஒரு எச்சரிக்கை, நாளை ஒரு கெடு, அடுத்த நாள் கடலில் ஒரு கப்பல், பிறகு இருபது கப்பல். இவ்வளவு தூரம் சொல்லியும் அனுப்பியும்விட்டு, மன்னிக்கவும், சரியாகத் தெரியவில்லை என்று யார் திரும்புவது? பரிசோதகர்கள் இன்னும் கொஞ்சம் தவணை கேட்டார்கள். கேட்க ஒருவருக்கும் பொறுமை இல்லை. எங்கள் வீட்டிலும் இல்லை. மாமா ஒவ்வொரு கிழமையும் ரெலிபோன் காட் சுரண்டிக் குவைத்துக்கு எடுத்து நான் சொன்னதையெல்லாம் மாமிக்குச் சொன்னார். மூன்றாம் கிழமை, அந்த வீட்டை விட்டு வெளிக்கிடு, இப்பவே வெளிக்கிடு என்றார்.

மாமி வெளிக்கிட்டா. கையில் ஒரு பை மட்டும், பாஸ்போட் வீட்டுக்காரரின் அலுமாரிக்குள். இலங்கை எம்பசியில் மற்றப் பெண்களோடு தரையில் படுத்திருந்தா. குண்டு விழத் தொடங்கியதும் ஒரு வியாழக்கிழமைதான். குவைத்தில் சைரன் ஊதியது, அந்தப் பெண்கள் முகத்தில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு செபம் சொன்னார்களாம். விஷவாயு வரவில்லை. அங்கே அப்படி ஒன்று இருக்கவேயில்லை. பாஸ்போட் இல்லாமல், வீட்டை விட்டு ஓடியவள் என்ற பெயரோடு மன்னாருக்குப் போன மாமிக்கு எல்லாக் கடதாசியையும் முதலில் இருந்து செய்யவேண்டி வந்தது. இஞ்சை வந்து சேர ஒன்றரை வருடம் கூடுதலாக எடுத்தது. அந்த ஒன்றரை வருடமும் உன் மாமா சியாகுல்லியில் தனியாக இருந்தார்.

ஈராக்கில் சிலையை விழுத்தினார்கள், வென்றுவிட்டோம் என்றார்கள், ஆயுதத்தைத் தேடினார்கள், தேடினார்கள். நானும் வியாழனுக்கு வியாழன் சமாளித்தேன், மண்ணுக்குள் புதைத்திருப்பார்கள் என்று. பிறகு சண்டை முடியாமல் தெருத் தெருவாகப் போனது. இந்த நாட்டிலிருந்தும் பிள்ளைகள் சிப்பாயாகப் போய்ச் சிலர் பெட்டியில் வந்தார்கள். அன்று சிஞ்ஞோராவின் கணவர் தானே ரீவியை நிற்பாட்டினார், கொடியை அவிழ்க்கச் சொல்லவில்லை. அந்த நாட்டில் செத்த சனத்தை எண்ணவே ஒருவருமில்லை. அவர்களுக்கும் எங்களைப் போலத்தானே வீடும் பிள்ளையும் இருந்தன.

மாமா ஒரு வியாழன் வந்து, எங்கை மச்சான் நீ கண்ட சாமான், என்று கேட்டார். அப்போதாவது நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். எல்லோருக்கும் முன்னால் சிரித்துக்கொண்டு, "பெரிய பெரிய அரசாங்கங்களே ஏமாந்து போச்சுது. நான் ஆர், உடுப்பு மினுக்கிறவன்" என்றேன். மற்றவர்களும் சிரித்தார்கள். மாமா பழப் பையை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு அவர் வரவில்லை. சந்தையில் அவரைத் தூரத்தில் கண்டால் நான் கத்தரிக்காய் வாங்குவதுபோல் நின்றுவிடுவேன். அந்தக் காலத்தில் நாங்கள் எவ்வளவு கத்தரிக்காய் சாப்பிட்டோம் என்று அம்மாவைக் கேள். நீ ஒரு நாள் றொசாலியாவின் படத்தைக் காட்டி, இவளின் அப்பாவின் பெயர் சூசை என்று சொன்னபோது அம்மா கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்ததற்குக் காரணமும் இதுதான்.

இனிப் போன ஞாயிறு. சாப்பாட்டு மேசையில், இப்போது நடக்கிற சண்டையைப் பற்றிப் பேச்சு வந்தது. நீ போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இந்தத் தீவில் இருக்கிற படைத்தளத்துக்கு ஒரு மாதத்துக்குள் ஏவுகணை வரும், எல்லாம் முடிவாகிவிட்டது என்று சொன்னாய். மாமி உன்னைப் பார்த்தா. மாமா, இதை ஆர் சொன்னது தம்பி, என்று கேட்டார். நீ, நானே கண்டனான் மாமா, வீடியோ இருக்கு, என்றாய். அவர் கரண்டியை வைத்துவிட்டு எழும்பிப் பல்கனிக்குப் போனார். நீ மதம் என்று நினைத்தாய். எனக்கு உடம்பு கூசியது. என் மூக்கும் என் முன் வழுக்கையும் உனக்கு வந்ததில் எனக்குப் பெருமைதான், ஆனால் இதுவும் வந்திருக்கிறதே என்று.

ஆகவே நேற்று வியாழன் பின்னேரம் தனியாகச் சியாகுல்லிக்குப் போனேன். வயோதிபர் எப்போதோ போய்விட்டார், தோட்டத்தை இப்போதும் மாமாதான் பார்க்கிறார். ஏணியில் நின்று பழம் வெட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டும் இறங்கவில்லை. மாமி கீழே கூடையோடு நின்றா. வழியெல்லாம் ஒரு நீளமான பேச்சுத் தயார் செய்துகொண்டு போனேன், மைக் இல்லாத குறைதான். வாயைத் திறந்ததும் எல்லாம் மறந்துபோனது.

"சூசை, அண்டைக்கு நான் ஒண்டும் காணேல்லை. பல்கனியிலை நிண்டனான். கண்டனான் எண்டு உனக்குச் சொன்னது பொய்."

மாமிதான் முதலில் பேசினா, அதுவும் சிரித்துக்கொண்டு. "அண்ணை, உங்கடை குப்பிக் கதைக்கு முதலே நான் வெளிக்கிட இருந்தனான். அந்த வீட்டு மனுசி என்னை அறைக்குள்ளை வைச்சுப் பூட்டிறவ. இவர் போனிலை வெளிக்கிடு எண்டது எனக்கு நல்ல சாட்டாப் போச்சு." மாமா மேலே இருந்து, இதை ஏன் இவ்வளவு காலமும் எனக்குச் சொல்லேல்லை என்று கேட்டார். அவவோ, நீங்கள் எப்ப கேட்டனியள், உங்களுக்கு அவரிலை கோவிக்கவே நேரம் போதேல்லை என்றா.

சாட்டு. அந்த ஒரு சொல்லில்தான் எனக்கு ஈராக் சண்டை முழுவதும் விளங்கியது. சண்டைக்குப் போவதென்று முன்னமே முடிவு செய்தவர்களுக்குக் குப்பி ஒரு சாட்டு, வெளியே சொல்ல ஒரு காரணம். ஆனால் மாமிக்குப் பூட்டிய அறை ஒன்று உண்மையாகவே இருந்தது. அவர்களுக்கு என்ன இருந்தது? இதைக் கேட்டதும் எனக்கு ஒரு பெரிய ஆறுதல் வந்ததையும் ஒளிக்காமல் சொல்கிறேன். அப்பாடா, என் பிழை இல்லை என்று அப்படியே திரும்பி வந்திருக்கலாம். ஆனால் மாமா இறங்கத் தொடங்கியிருந்தார்.

அவர் என் முன்னால் வந்து நின்றார். தலை முழுவதும் நரைத்துவிட்டது, கிட்டத்தில் பார்த்து எத்தனை காலம். "அவள் ஓடினது அவளின்ரை காரணம். அது வேறை. நான் உன்னட்டைக் கேட்டனான். தெரியாது எண்டு சொல்லியிருந்தால் ஒண்டும் இல்லை. அப்ப இந்த ஊரிலை நான் நம்பினது உன்னை ஒருத்தனைத்தான்."

நான் அழுதுவிட்டேன், மகனே. வெட்கத்திலும் அழுதேன், இருபது வருடத்துக்குப் பிறகு என் நண்பன் என்னோடு இவ்வளவு நீளமாகப் பேசுகிறானே என்ற சந்தோஷத்திலும் அழுதேன். மாமி இரண்டு பேருக்கும் பழம் உரித்துத் தந்தா. மண்டபத்துக்கு வருவதாக மாமா ஒப்புக்கொண்டார். மைக் அவரிடம் இருக்கும், நான் சாப்பாட்டுப் பந்தியைப் பார்க்கவேண்டும், அதுதான் உடன்படிக்கை. நான் மறுபேச்சுப் பேசாமல் ஒத்துக்கொண்டேன். பஸ் தரிப்பு வரைக்கும் கூட வந்தவர், பஸ் வருகிற நேரம் பார்த்து உன்னைப் பற்றி ஒன்று சொன்னார்.

"உன்ரை மோனும் உன்னைப் போலத்தான் கதைக்கிறான். என்ரை பிள்ளை அவன்ரை சொல்லை நம்பித்தான் வாறாள்."

இதற்காகத்தான் இந்தக் கடிதம். நல்ல கணவனாக இரு, நேரத்துக்கு வீட்டுக்கு வா என்பதெல்லாம் அம்மா சொல்லுவாள். நான் கேட்பது ஒன்றே ஒன்று. நாளைக்கு அவள் உன்னை நம்பி ஒரு காரியம் செய்வாள், வேலையை விடுவாள், ஊரை மாற்றுவாள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிடுவாள். அந்த நேரத்தில் தெரியாததைத் தெரியாது என்று சொல்ல உன் நாக்கு பழகியிருக்கவேண்டும். இன்றே பழகத் தொடங்கு. வருகிற ஞாயிறு போய், அந்தப் படைத்தளத்தைப் பற்றி உனக்கு ஒன்றும் தெரியாது, யாரோ அனுப்பியதைத்தான் பார்த்தாய் என்று மாமாவிடம் சொல்லு. றொசாலியா இருக்கும்போது சொல்லு. வெட்கமாகத்தான் இருக்கும். எனக்கு அதைச் சொல்ல இருபது வருடத்துக்கு மேல் எடுத்தது. நீ சாப்பாட்டுக்கு முன்னம் சொல்லி முடித்துவிடு, மாமி கணவாய்க் கறி வைக்கிறாவாம்.

அன்புடன்,
அப்பா